நிற்க வைத்த படிகம்

குற்றாலம் சாலைக் கனிமக் கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். உரிமையாளரின் மேசைக்கு எதிரே ஒரு பழைய மர நாற்காலி கிடக்கிறது; புளோரைட் கற்கள் வைத்த கண்ணாடிப் பெட்டியைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது இடைஞ்சலாக இருக்கிறது; உட்கார்ந்தால் கிறீச்சென்று சத்தம் வேறு போடுகிறது; எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. கல்லுக்கும் கண்ணுக்கும் நடுவில் எதுவும் நிற்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். ஆனால் இதற்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் நிலவியல் துறையில் கனிமக் காட்சியறையைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவள் நான். சொந்த ஊர் தென்காசி. ஓய்வுக்குப் பிறகுதான் இந்தக் கூடத்தை அமைத்துக் கொடுத்தேன். கல்லை எப்படிக் கழுவுவது, எந்தப் பசை எதற்கு ஆகும், விளக்கை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் போனில் தேடிப் பார்த்துக்கொள்வீர்கள். அதையெல்லாம் இங்கே எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

முதலில் ஒரு சின்னக் கதை. என்னோடு கல்லூரியில் வேலை பார்த்த ஒருவர் தூத்துக்குடி உப்பளத்திலிருந்து ஓர் உப்புப் படிகம் கொண்டுவந்தார். சதுரம் சதுரமாகப் படி வைத்துக் கட்டியது போன்ற அழகான துண்டு. அதைத் திறந்த தட்டில் வைத்துவிட்டு ஆனி மாதம் ஊருக்குப் போய்விட்டார். நம் பக்கத்துச் சாரல்தான் உங்களுக்குத் தெரியுமே, கொடியில் போட்ட துணி ஒரு வாரமானாலும் காயாது. அவர் திரும்பி வந்தபோது தட்டில் கொஞ்சம் உப்புத் தண்ணீர்தான் இருந்தது. சத்தமில்லாமல் வேறு ஒரு கல்லை அங்கே வைத்துவிடச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. ‘இங்கே ஓர் உப்புப் படிகம் இருந்தது. சாரலில் கரைந்துவிட்டது’ என்று எழுதி, வெறும் தட்டையே காட்சிக்கு வைத்தார். அந்த வருடம் மாணவர்கள் அதிக நேரம் நின்றது அந்த வெறும் தட்டுக்கு முன்னால்தான். “கல்லப் பத்தி ஒரு பொய் சொல்லிட்டா, பொறவு அந்தக் கல்லத் தூக்கும்போதெல்லாம் பொய்யையும் சேத்துத் தூக்கணும்” என்பார். அவர் பெயர் இங்கே தேவையில்லை. அவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இப்போது காசிம் பாய். உங்கள் உரிமையாளர்தான், ஆனால் அவருடைய பழைய கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது. கடையநல்லூர்க்காரர். சார்ஜாவில் பளிங்குக்கல் அறுக்கும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தார். கூடப் போனவர்களெல்லாம் பெட்டி நிறைய சென்ட்டும் கம்பளியும் கொண்டுவந்தபோது, இவர் சட்டைகளுக்கு நடுவில் கல்லைச் சுருட்டிக் கொண்டுவந்தார். “கல்லு வாங்கவா கடல் தாண்டிப் போனீங்க?” என்று அவர் மனைவி கேட்பாராம். ஊருக்கே திரும்பி வந்த பிறகு, குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் போகிற வழியில் கொஞ்ச நேரம் கல்லையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று, இலஞ்சிக்குப் பாதை பிரியும் விலக்குக்குப் பக்கத்தில் இந்தக் கூடத்தைக் கட்டினார். வாழ்நாள் சேமிப்பில் பெரும்பகுதி இதற்குள்தான் போனது. இந்தக் கூடத்தை மூடும்படி ஆகிவிட்டால் அவருக்கு வேறு எதுவும் இல்லை. இதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம் ஊரில் கல்லுக்கும் மனிதர்களுக்கும் ஏற்கெனவே ஒரு பழக்கம் இருக்கிறது. அதைப் புத்தகம் படித்துவிட்டு வருகிற நாம் மறந்துவிடுகிறோம். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கூடத்தைப் பெருக்கித் துடைக்க வந்த அம்மா, கார்னெட் பாறை ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகத் தேங்காய் எண்ணெய் பூசி வைத்திருந்தார். கேட்டால், “கருங்கல்லுன்னா எண்ண போட்டாத்தானம்மா களையா இருக்கும்” என்றார். குற்றாலத்தில் மனிதர்களுக்கே எண்ணெய் போட்டுத்தான் பழக்கம், அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் காசிம் பாயும் உட்கார்ந்து சோப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவினோம். சிரிப்போடு முடிந்த கதை அது. அடுத்தது அப்படி முடியவில்லை.

கூடத்தின் நடுவில் இருக்கிறதே, அந்த ஸ்படிகம், அது மடகாஸ்கரிலிருந்து சார்ஜா வழியாக வந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். ஆறு பட்டை, கூரான முனை, கண்ணாடித் தெளிவு. முனைக்குக் கொஞ்சம் கீழே உள்ளுக்குள் ஒரு சின்னப் பொந்து. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர். தண்ணீருக்குள் கடுகளவு ஒரு காற்றுக் குமிழி. படிகம் வளர்ந்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் அது. மனிதன் என்று ஒருவன் தோன்றுவதற்கு முன்னாலிருந்தே அங்கேயே இருக்கிறது. படிகத்தைச் சாய்த்தால் குமிழி மெல்ல நடக்கும்.

அதனால் அதைப் படுக்க வைக்க வேண்டும் என்று நான் வரைந்து கொடுத்திருந்தேன். திறப்பு விழா முடிந்ததும் மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டேன். காசிம் பாய்க்குப் படுத்த கல் பிடிக்கவில்லை. “படுத்துக் கெடந்தா என்ன கம்பீரம் டீச்சர்? நிக்கட்டுமே” என்று போனில் சொன்னார். அவர் பணம், அவர் கல். தென்காசித் தச்சர் ஒருவரிடம் கறுப்பு மெருகு போட்டு ஒரு வட்டப் பீடம் செய்யச் சொன்னார். பெயர்ச் சீட்டு வைக்க ஓர் இடம் வேண்டுமே என்று தச்சர் பீடத்தின் ஒரு பக்கத்தில் மூக்கு மாதிரி ஒரு நீட்டலும் செய்து கொடுத்தார். வட்டப் பீடம், ஒரு பக்கம் நீட்டல், நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஸ்படிகம், மேலேயிருந்து ஒற்றை விளக்கு. தென்காசியில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அது என்ன என்று சொல்லிவிடும். காசிம் பாய்க்கு மட்டும் தெரியவில்லை. தச்சருக்குத் தெரிந்திருந்தாலும் அவர் வாய் திறக்கவில்லை.

அருவி சீசன் தொடங்கிய முதல் வாரத்திலேயே போன் வந்தது. “டீச்சர், நம்ம படிகத்துக்கு யாரோ பூ வச்சிருக்காங்க.” நான் சிரித்தேன். “சிரிக்காதீங்க டீச்சர். செருப்ப வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு வாராங்க. வழி முழுக்க செருப்பாக் கெடக்கு” என்றார். பீடத்தின் மூக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள், நான் வந்து மாற்றிவிடுகிறேன் என்றேன். அவரும் திருப்பினார். மறுநாள் யாரோ அதை வடக்குப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். சிவலிங்கத்தின் கோமுகம் வடக்கு நோக்கித்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள்தான் காசிம் பாய்க்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னார்களாம்.

அங்கே தினமும் வந்துகொண்டிருந்தவர் பேச்சியம்மாள். இலஞ்சிக்காரர், குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் துணி துவைக்கும் வேலை. அவருடைய கணவர் முருகையா ஆட்டோ ஓட்டியவர். சாரலில் வண்டி சறுக்கிக் கவிழ்ந்து, தலையில் அடிபட்டு, நினைவில்லாமல் தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்தார். வேலை முடிந்து தென்காசி பஸ்ஸுக்குப் போகிற வழியில் பேச்சியம்மாள் கூடத்துக்குள் வருவார். படிகத்துக்கு முன்னால் நின்று ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போவார். ஒருநாள் அப்படி நின்றபோது படிகத்துக்குள் ஏதோ அசைவதைப் பார்த்தார். அன்று சாயங்காலமே முருகையா கண் திறந்தார்.

பிறகு சொல்ல வேண்டுமா? இலஞ்சி முழுக்க, மேலகரம் முழுக்க, வாட்ஸ்அப் முழுக்க அதே பேச்சு. இதில் தலையிட்டவர் ஏட்டையா. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற இலஞ்சிப் பெரியவர். உடம்பு ஓய்வு பெற்றாலும் குரல் இன்னும் பணியில் இருக்கிறது. வருகிற பிரதோஷத்தன்று சாயங்காலம் படிகத்துக்குப் பாலபிஷேகம் செய்து சூடம் காட்டுவது என்று அவர் முடிவு செய்து, அதைக் காசிம் பாயிடம் தகவலாகத் தெரிவித்தார். அனுமதி கேட்கவில்லை.

காசிம் பாய் என்னைக் கூப்பிட்டார். படிகத்துக்குள் தண்ணீர் இருக்கிறது, நெருப்புக் காட்டினால் அது விரிந்து கல் வெடிக்கக்கூடும் என்று நான் சொன்னேன். அவர் சொன்னார்: “நான் வேண்டாம்னு சொன்னா அது ஒரு கதையாயிரும் டீச்சர். யாரு சொன்னான்னுதான் பாப்பாங்க. சரின்னு சொன்னா எங்க தெருவுல அது வேற கதையாயிரும். ரெண்டுக்கும் நடுவுல கல்லும் வெடிச்சிரும்னு சொல்லுதீங்க. நான் என்ன செய்ய?”

பேரப்பிள்ளையை மகளிடம் விட்டுவிட்டு வண்டி ஏறினேன். பிரதோஷத்தன்று காலையில் கூடத்தில் நான், காசிம் பாய், பீடம் செய்த தச்சர் மூவரும் உட்கார்ந்தோம். மேசைக்கும் படிகத்துக்கும் நடுவில் அப்போது ஒரு பிளைவுட் தட்டி இருந்தது. காசிம் பாய் தட்டிக்குப் பின்னால் தன் மர நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு வழக்குப் பார்ப்பார். இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு அவர் இருப்பதே தெரியாது.

வழிகள் இரண்டு வந்தன. காசிம் பாய் ஒன்று சொன்னார்: படிகத்தைக் கடையநல்லூர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, பழுது பார்க்க அனுப்பியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். “எப்ப திரும்பி வரும்னு அந்த அம்மா தெனமும் கேப்பாங்களே, என்ன சொல்லுவீங்க?” என்றேன். தச்சர் இன்னொன்று சொன்னார். “மேடம், சாமி கனவுல வந்து எனக்குச் சூடம் ஆகாதுன்னு சொல்லுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. சோலி முடிஞ்சது.”

உண்மையைச் சொன்னால், தச்சருடைய யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அது பலித்திருக்கும். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, கல்லும் பிழைக்கும், எனக்கும் ஊரில் நல்ல பெயர். ஆனால் அடுத்த பிரதோஷத்துக்கு இன்னொரு கனவு வேண்டும். கார்த்திகைக்கு இன்னொன்று. பிறகு அது கனிமக் கூடமாக இருக்காது, நான் பூசாரியாகியிருப்பேன். வெறும் தட்டைக் காட்சிக்கு வைத்த அந்த மனிதர் சொன்னது நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்றேன்.

“அப்பொ என்னதான் சொல்லப் போறீங்க?” என்று கேட்டார் காசிம் பாய்.

“உள்ளதச் சொல்லுதேன். கல்லையும் காட்டுதேன்.”

“கேப்பாங்களா?”

“தெரியல.”

சாயங்காலம் சாரல் பலமாக இருந்தது. வாசலில் குடைகளும் செருப்புகளும் குவிந்துவிட்டன. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த வெளியூர்க்காரர்களும் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்துக் கலந்துவிட்டார்கள். செம்பில் பால், தட்டில் வில்வம், சூடம். படிகத்தின் மேலிருந்த அக்ரிலிக் மூடியை யாரோ ஏற்கெனவே கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். ஏட்டையா தீக்குச்சியை உரசிக்கொண்டிருந்தார். தீப்பெட்டி சாரலில் நமத்துப்போயிருந்தது. எனக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. எதிரில் நிற்கிறவர்கள் எந்த இடத்தில் நிற்பதாக நினைக்கிறார்களோ அந்த இடத்துக்குள்தான் நாமும் போக வேண்டும், அவ்வளவே. செருப்போடு போயிருந்தால் நான் பேசியது ஒன்றும் அவர்கள் காதில் ஏறியிருக்காது.

“ஏட்டையா, பத்த வைக்கதுக்கு முன்னால ஒண்ணு காட்டணும்.”

“நல்ல காரியத்துல குறுக்க வாராதீங்க டீச்சர்.”

“குறுக்க வரல. கைய நீட்டுங்க.”

படிகத்தை எடுத்து அவருடைய இரண்டு கைகளிலும் வைத்தேன். வெளியாள் கையில் மாதிரிக் கல்லைக் கொடுக்கக் கூடாது என்பது நம் தொழிலின் முதல் விதி. உங்களுக்கும் அதையே சொல்லியிருக்கிறேன், இனியும் அதையே சொல்வேன். அன்றைக்கு அந்த விதியை மீறினேன். கையில் கொடுத்துவிட்டால் மனிதர்கள் கத்த மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். கீழே போட்டுவிடுவோமோ என்ற பயம் எந்தக் குரலையும் தணித்துவிடும். ஏட்டையாவின் குரலும் தணிந்தது.

“மெல்லச் சாயுங்க. முனைக்குக் கீழ பாருங்க.”

அவர் சாய்த்தார். குமிழி நகர்ந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு மறுபக்கம் சாய்த்தார். குமிழி திரும்பி நடந்தது.

“ஏலே,” என்றார் பக்கத்தில் நின்றவரிடம், “உள்ள தண்ணி ஓடுதுலே.”

அதன் பிறகு சொன்னேன். கல் வளர்ந்தபோது மாட்டிக்கொண்ட தண்ணீர் என்று, எங்கிருந்து வந்தது என்று, எப்படி வந்தது என்று. சார்ஜா என்றதும் ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள். மறைக்காமல் சொன்னேன். சூடம் காட்டினால் வெடிக்குமா என்று கேட்டார் ஏட்டையா. வெடிக்கும் என்று அடித்துச் சொல்ல நாக்கு துடித்தது.

“வெடிக்கலாம். வெடிக்காமலும் போகலாம். எனக்கு நிச்சயமாத் தெரியாது ஏட்டையா. வெடிச்சிட்டா உள்ள இருக்க தண்ணி ஒரு சொட்டுதான். போனா போனதுதான். நாமளா இன்னொரு சொட்டு ஊத்தி மூட முடியாது.”

அவர் படிகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் வைத்திருப்பவருக்கு அது உடைந்துபோவது பிடிக்காது. எனக்கு வேண்டியதும் அதுதான். “சூடம் வேண்டாம்லே, எடு அந்தத் தட்ட” என்றார் கடைசியில்.

காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார்: “தண்ணி சாச்சாத்தான ஓடுது? அன்னைக்குப் பேச்சியம்மாளுக்கு நிக்க வச்சபடியே அசைஞ்சு காட்டுச்சே, அது எப்படி?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சியம்மாள் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வயர்க்கூடை.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். கல் தப்பிவிட்டது. நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தெரியவில்லையம்மா என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் எனக்குக் காரணம் தெரியும். தெரியாது என்று சொன்னால் அதுவும் ஒரு பொய். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பொய்யைச் சொல்லத்தான் தோன்றியது. அதைச் சொல்லாமலிருக்க நான் பட்ட பாடு வேறு எந்த வேலையிலும் பட்டதில்லை.

படிகத்தை வாங்கி மறுபடி பீடத்தில் நிறுத்தினேன். “கொஞ்சம் பொறுங்க. செங்கோட்ட பஸ் வரட்டும்” என்றேன்.

அவ்வளவு பேரும் அமைதியாக ஒரு பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். பஸ் வந்தது. சாலையை ஒட்டிய கட்டடம். தரை லேசாக அதிர்ந்தது. படிகத்துக்குள் குமிழி நடுங்கியது. பஸ் போனதும் நின்றுவிட்டது. இன்னொரு லாரி வந்தது. மறுபடி நடுங்கியது. ஒருவர், “எல்லாத்தையும் கல்லுன்னு சொல்லிட்டாப் பெரிய அறிவாளியாயிருவாங்க” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவர் கோபமும் நியாயமானதுதான்.

பேச்சியம்மாள் முன்னால் வந்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. படிகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்பொ இம்புட்டு நாளும் நான் யாருகிட்டம்மா சொல்லிக்கிட்டிருந்தேன்?” என்று கேட்டார்.

அத்தனை வருடம் கல்லூரியில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய நான், பீடத்தின் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றேன். ஏட்டையா தரையைப் பார்த்தார். அப்போது தட்டிக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சென்றது.

காசிம் பாய் எழுந்து வெளியே வந்தார். மனிதருக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கிட்டம்மா” என்றார். “நான் இங்கனதான் இருந்தேன். மொத நாளே எந்திரிச்சு வந்து சொல்லியிருக்கணும். நீங்க பேச ஆரம்பிச்சிட்டீங்க, பொறவு எப்படி எந்திரிக்க? முருகையா அண்ணனுக்கு மூக்குல குழாய் போட்டது, குழாய எடுத்தது, கஞ்சி எறங்குனது, மகளு பரிச்சைக்குப் போகமாட்டேன்னு அழுதது எல்லாம் கேட்டேன். இந்த நாற்காலி சத்தம் போடும். நீங்க போற வரைக்கும் அசையாம இருப்பேன். நேத்து நீங்க வரல. என்ன ஆச்சோன்னு எனக்கு ராவெல்லாம் உறக்கமில்ல.”

பேச்சியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது பேச வேண்டியது அது. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் பேசும்படி ஆகிவிட்டது. கூட்டமும் அதைப் புரிந்துகொண்டு ஒவ்வொருவராக வெளியே நகர்ந்தது. பாலை இலஞ்சிக் கோயிலுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் ஏட்டையா. எல்லோரும் போன பிறகு பேச்சியம்மாள் கேட்டது ஒன்றுதான்.

“எல்லாத்தையுமா கேட்டீங்க அண்ணாச்சி?”

“எல்லாத்தையும்தான்.”

“நேத்து அவுகளுக்குக் காய்ச்சல். அதான் வர முடியல” என்றார் பேச்சியம்மாள். சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

படிகத்தைப் படுக்க வைத்தேன். நீங்கள் பார்க்கிற, மெதுவாக ஆடும் அந்தச் சின்னத் தொட்டில் தச்சர் செய்து கொடுத்தது. மூக்கு இல்லாமல். இப்போது எல்லோரும் குமிழி நடப்பதைப் பார்க்கிறார்கள். சீசனில் ஏட்டையா உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, உங்களை முந்திக்கொண்டு விளக்கம் சொல்வார். சொல்லட்டும், பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறார். கல்லை நிற்க வைக்கும்போது யோசியுங்கள், படுக்க வைக்கும்போதும் யோசியுங்கள். எந்த ஊரில் வைக்கிறோம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். தொழில் பாடம் என்று கேட்டால் இவ்வளவுதான்.

இனி நாற்காலி. முருகையா பிழைக்கவில்லை. காய்ச்சல் நிமோனியாவாகி, புரட்டாசியில் இறந்துபோனார். குமிழி அசைந்ததற்கும் அவர் கண் திறந்ததற்கும் சம்பந்தமில்லை என்று அத்தனை பேர் முன்னால் நிரூபித்துக் காட்டியவள் நான். அந்தச் செய்தி வந்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் செய்தது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் சரி என்பதால் மட்டும் மனசு ஆறிவிடுவதில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் பேச்சியம்மாள் கூடத்துக்கு வந்தார். அன்று நான் அங்கே இருந்தேன். படிகத்தைத் தாண்டிப் போனார், பார்க்கவில்லை. தட்டியை அதற்குள் காசிம் பாய் எடுத்துவிட்டிருந்தார். அவர் சட்டென்று எழுந்து, தான் உட்கார்ந்திருந்த மர நாற்காலியை மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டுவிட்டு, தனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டார். பேச்சியம்மாள் உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. நான் மறுபக்கத்துப் பெட்டிகளைத் துடைக்கப் போய்விட்டேன்.

இப்போதும் வேலை முடிந்து சில நாள் வருவார். வாசலில் நிறுத்தி டிக்கெட் கேட்காதீர்கள். எந்தக் கல்லையும் பார்க்க மாட்டார், நீங்களாகப் போய் எதையும் விளக்க வேண்டாம். நாற்காலி இடைஞ்சலாக இருந்தால் புளோரைட் பெட்டியை நகர்த்திக்கொள்ளுங்கள்.